அரண்மனைக்கு வெளியே ஒரு காலம்: தமிழ்ச் சரித்திரப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

சரித்திரப் படம் என்னும் தொடரை நாம் மிகத் தாராளமாகவே வழங்கி வருகிறோம். முடியும் வாளும் முத்துமாலையும் திரையிலே தோன்றினாற் போதும். அது சரித்திரப் படமாகிவிடுகிறது. 1948இல் எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்ரூடியோவில் உருவாக்கிய 'சந்திரலேகா' எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில் நிகழ்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அரசகுமாரரும் சர்க்கஸ் கூடாரமும் அருகருகே நிற்கும் உலகம் அது. கற்பனைக் கதைக்கு ஆண்டுக்கணக்கு வேண்டியதில்லை என்று நாமும் அமைந்துவிடலாம். ஆயின், அதே பட்டாடையும் அதே தூண் மண்டபமும் அதே குரலெடுப்பும், பெயரும் ஊரும் இறந்த நாளும் உள்ள ஒரு மனிதனின் கதையைச் சொல்ல வரும்போது அவ்வாறு அமைந்திருத்தல் இயலாது. அங்கே விமரிசகன் கேட்டேயாகவேண்டிய வினா ஒன்றுண்டு. இப்படம் ஒரு காலத்தை மீளப் படைக்கிறதா, அன்றி ஒரு காலத்தின் உடுப்பை மாத்திரம் எடுத்து அணிந்துகொள்கிறதா?

உடுப்பும் கட்டடமும் காலத்தின் புறத்தோற்றம். அதன் உள்ளீடு வேறு. யார் இருக்க யார் நின்றனர், யார் பேச யார் வாய் பொத்திக் கேட்டனர், எவருடைய உழைப்பில் எவர் உண்டனர், எந்த மொழியில் எவரோடு எவர் பேசமுடிந்தது என்பனவே ஒரு காலத்தை இன்னொரு காலத்தினின்றும் வேறுபடுத்துவன. இவற்றைக் காட்டாத படம் எத்துணை இரத்தினங்களை அள்ளி இறைத்தாலும் எடுக்கப்பட்ட ஆண்டினைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று. ஈழத்துத் தமிழராகிய எமக்குச் சிறப்பாகவே அன்று. கடந்தகாலத்தைப் பற்றி எமது மக்கள் மனத்தில் உள்ள படம் ஏட்டிலிருந்து வந்ததைவிடப் படமாளிகையிலிருந்து வந்ததே அதிகம். அதிலும் அப்படத்தை வரைந்தவர்கள் கடலுக்கு அப்பால், கோடம்பாக்கத்தில் இருந்தவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. மூலங்கள் அருகிய ஒரு சமூகத்தில், வெற்றிடத்தை நிரப்ப முதலில் ஓடிவருவது சினிமாவே. எனவே அது என்ன கொண்டுவருகிறது என்று சோதித்துப் பார்ப்பது தமிழ் பயிலும் மாணவருக்கு உரிய வேலை.

முதலில் உடையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் படத்தின் அரசன் அணியும் வெல்வெற்றுச் சட்டையும் சரிகை இழைத்த மேலங்கியும் சோழரிடமிருந்தோ பாண்டியரிடமிருந்தோ வந்தவையல்ல. பார்சி நாடகக் கம்பனிகளின் வேட அலமாரியிலிருந்தும் ரவிவர்மாவின் அச்சுப் படங்களிலிருந்தும் அவை கொட்டகை மேடைக்கு வந்தன. மேடையிலிருந்து திரைக்கு வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலத்துச் சுதையின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இலேயே கண்டுபிடித்தார். அவ்வோவியங்களில் அரசனென்று கருதப்படும் உருவமும் திறந்த மேனியோடுதான் நிற்கிறது. முடிந்த கூந்தலும் மெல்லிய அரையாடையும் அளவான அணிகளுமே அக்காலத்து மேன்மக்களின் கோலம். வெப்பநாட்டு மன்னன் வெல்வெற்றுக்குள் வியர்த்துக்கொண்டிருக்கவில்லை. இது தெரிந்திருந்தும் திரையரசன் சட்டையைக் கழற்றவில்லை. ஏனெனில் பார்வையாளன் சோழனைத் தேடி வரவில்லை, தான் முன்பே மேடையில் கண்ட இராசாவைத் தேடியே வந்தான். எனினும் உடைப் பிழை பெரும்பிழையன்று. ஒரு நல்ல தையற்காரர் அதைத் திருத்திவிடுவார். திருத்தக் கடினமானது பேச்சு.

பி. ஆர். பந்துலு நெறிப்படுத்திய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இதற்குத் தக்க சான்று. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகமாகச் சிவாஜி நாடக மன்றத்தால் மேடையேற்றப்பட்டுப் பின்னர் படமானது அது. 1960இற் கெய்ரோவில் நடந்த ஆபிரிக்க ஆசியத் திரைப்பட விழாவிற் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தெரிவானார். எமது பாடசாலைக் கலைவிழாக்களில் அட்டைக் கிரீடமும் மையிட்ட மீசையுமாக ஒரு கட்டபொம்மன் தோன்றாத ஆண்டு அரிது. தமிழ் உச்சரிப்புப் பழகுவதற்கு அப்படத்தின் வசனத்தை மனனஞ் செய்தவர்கள் இன்றைய விரிவுரையாளர்களிலும் உளர். அந்த வசனத்தின் ஆற்றலை மறுப்பது நோக்கமன்று.

நோக்கவேண்டியது, அக்காட்சியின் அமைப்பு. 1798 செப்ரெம்பரில், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்திலே கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தான். அதற்குமுன் பல நாட்களாக, ஜாக்சன் சென்ற ஊர்களுக்கெல்லாம் பின்தொடர்ந்து சென்றும் பேட்டி கிடையாமல் அலைக்கழிக்கப்பட்டான். இந்த அலைச்சலிலேதான் காலம் இருக்கிறது. ஒரு பாளையக்காரன் தன்னுடைய நிலத்தில், தன்னுடைய வெயிலில், நேற்று வந்த ஓர் உத்தியோகத்தனின் கூடார வாயிலிற் காத்துக் கிடக்கவேண்டிவந்தது என்பதே 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நேர்ந்த மாற்றம். சந்திப்பு நிகழ்ந்தபோதும் இருவரும் நேரே பேசியிருக்க முடியாது. கும்பனி ஆட்சியின் பேச்சு துபாஷி வழியாகவே நடந்தது. ஒருவன் கூறியதை மற்றொருவன் உடனே அறியான். நடுவில் நிற்பவன் எதைச் சொன்னான், எதை விழுங்கினான் என்பதை இருவரும் அறியார். அச்சமும் ஐயமும் அந்த இடைவெளியிற் பிறந்தவை. அன்று நிகழ்ந்த கைகலப்பில் லெப்டினன்ற் கிளார்க் கொல்லப்பட்டான். பின்னர் நடந்த விசாரணையின் முடிவிற் கும்பனியே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 16இற் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். இவ்வளவு சிக்கல் நிறைந்த ஓராண்டு அது.

திரையிலோ ஜாக்சன் தமிழிலே வழக்காடுகிறான். கட்டபொம்மன் செந்தமிழில் அடுக்கடுக்காக விடை பகர்கிறான். துபாஷி மறைந்துபோகிறான், அவனோடு 1798உம் மறைந்துபோகிறது. எஞ்சுவது, 1950களின் தமிழகத்து மேடை. ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனைத் தேசிய வீரனாக நிலைநாட்ட உழைத்த காலம். அலங்கார வசனமே அரசியல் ஆற்றலாக விளங்கிய காலம். அந்த வகையில் இப்படம் நிச்சயமாக ஒரு சரித்திர ஆவணந்தான், 1959ஆம் ஆண்டுக்குரிய ஆவணம்.

மொழியின் இவ்விடைவெளியைக் காட்டுவது சினிமாவுக்கு இயலாததென எவரேனுங் கூறுவராயின், சத்யஜித் ராயின் 'சத்ரஞ் கே கிலாடி' (1977) அதற்கு விடை. 1856இல் அவத் இராச்சியத்தைக் கும்பனி விழுங்கும் கதை அது. அங்கே ஜெனரல் ஊட்ரம் ஆங்கிலம் பேசுகிறான். நவாபின் உருதுக் கவிதையை அவனுக்கு விளக்கிச் சொல்ல இளைய அதிகாரியொருவன் வேண்டியிருக்கிறான். கவிதை ஆங்கிலமாகும்போது அது ஊட்ரமுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது. ஓர் அரசு ஏன் வீழ்ந்தது என்பதை நூறு குதிரைகளும் பீரங்கிகளும் உணர்த்தாத அளவுக்கு அந்த மொழிபெயர்ப்பு உணர்த்திவிடுகிறது. பிரேம்சந்தின் சிறுகதையில் இல்லாத அரசியலை ராய் சேர்த்தார் என்பர். சேர்த்தது அரசியல் மாத்திரமன்று, செவியும்.

அடுத்து, ஏ. பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்' (1973). அரு. ராமநாதன் எழுதி ரி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகமே இதன் மூலம். தமிழின் முதலாவது சினிமாஸ்கோப் படம் என்ற பெருமையுடன் வந்தது. திரை அகன்றது, ஆனால் மேடை அப்படியே இருந்தது. பாத்திரங்கள் பக்கவாட்டில் நின்று முறைவைத்துப் பேசுகின்றன. குந்தவையும் விமலாதித்தனும் கொண்ட காதல், வேங்கி நாட்டு உறவு, ஒரு சூழ்ச்சிக்காரன் என்று அரண்மனைச் சுவருக்குள்ளேயே கதை சுழல்கிறது.

இங்குக் குறைகூறுதல் எளிது. குறையை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை இராசராசனே கல்லில் வெட்டி வைத்துச் சென்றிருக்கிறான். 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், பல்வேறு தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருந்தவள் என்பது வரை பதியப்பட்டிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். அதுவும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படவேண்டும். ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவளுடைய உறவினருள் தகுதியுடையவர் அப்பங்கைப் பெறுவர். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், உவச்சர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர். ஒரு பேரரசின் சம்பளப் பட்டியல் இது. சொந்த ஊரையும் கோயிலையும் விட்டு வண்டியேறித் தஞ்சைக்கு வந்த ஒரு பெண், முதன்முதலாகத் தனக்குக் குறிக்கப்பட்ட வீட்டின் கதவைத் திறக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அவள் விரும்பி வந்தாளா? தாயை விட்டு வந்தாளா? தன் பங்கு நெல்லை அளப்பவன் மரக்காலைத் தட்டிக் குறைத்தானா? இக்கேள்விகளைக் கேட்கும் ஒரு நெறியாளருக்கு 400 கதாநாயகியர் காத்திருந்தனர். கிடைத்தது மீண்டும் ஓர் அரசகுமாரியின் காதல்.

'பொன்னியின் செல்வன்' (2022, 2023) பற்றி இவ்வளவு கடுமையாகக் கூறமுடியாது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த தொடர்கதையைப் பலர் படமாக்க எண்ணிக் கைவிட்டிருக்க, மணிரத்னம் இரு பாகங்களாக அதை முடித்துக்காட்டினார். தோட்டா தரணியின் கலை நெறியாள்கையில் மண்டபங்களுக்கு வயது ஏறியிருக்கிறது. சுவரிற் புகை படிந்திருக்கிறது. ஜெயமோகனின் வசனம் அடுக்குமொழியைக் கைவிட்டு, எழுத்து வழக்குக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட ஓர் எளிய தமிழைத் தேர்ந்துகொண்டது. 1959இலிருந்து நோக்கினால் இது நெடுந்தூரம். ஆயினும் கதையின் நாடி அரண்மனையிலேயே துடிக்கிறது. உழைக்கும் கைகளோடு நினைவில் நிற்பவள், கோடிக்கரையில் ஓடம் வலிக்கும் பூங்குழலி ஒருத்தியே. இதற்குக் கல்கியும் பொறுப்பாளி, மூலத்திலும் அவ்வாறே.

எம்மை நேரே தொடும் பகுதி, படத்திலுள்ள இலங்கை. கல்கி இந்நாவலுக்காக ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துச் சென்றவர். படக்குழுவோ 2019 டிசம்பரிற் படப்பிடிப்பைத் தாய்லாந்திற் தொடங்கியது. அங்குள்ள காடு நம் காடாக நடித்தது. இதனை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. பொருளாதாரக் காரணமும் அரசியற் காரணமும் இருக்கலாம். சினிமா எப்பொழுதும் ஒரு மலையை இன்னொரு மலையாகக் காட்டும் கலைதான். ஆனால் இலங்கை இப்படத்தில் ஓர் இடமாக மாத்திரமே இருக்கிறது, மனிதர் வாழும் நாடாக இல்லை என்பது நெருடுகிறது. 993ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராசராசனின் படை இலங்கைக்கு வந்தது. 1017இல், இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, அங்கு வானவன்மாதேவீச்சரம் எழுந்தது. சூளவம்சம் இவற்றைக் கொள்ளையாகவும் அழிவாகவும் பதிந்துள்ளது. தஞ்சையின் பொற்காலம் அநுராதபுரத்தின் இருண்டகாலம். இரண்டும் ஒரே ஆண்டுகள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. சிங்களத் திரையிலும் சரித்திரப் படங்கள் அண்மைக்காலத்திற் பெருகியுள்ளன. ஜக்சன் அன்ரனியின் 'அபா' 2008இல், போர் உச்சத்தில் இருந்தபோது வெளிவந்தது. ஜயந்த சந்திரசிறியின் 'மகாராஜ கெமுனு' 2015இல் வந்தது. ஒரே தீவில் இரு மொழியினர் இரு படமாளிகைகளில் அமர்ந்து, ஒருவர் வெற்றியை மற்றவர் தோல்வியாகக் காணும் இரு கடந்தகாலங்களைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். இத்தனைக்கும் மகாவம்சமே எல்லாளனின் நீதியைப் புகழ்கிறது. அவன் வீழ்ந்த இடத்திற்கு மரியாதை செய்யுமாறு துட்டகைமுனு கட்டளையிட்டதையும் சொல்கிறது. பழைய தேரரிடம் இருந்த அந்த அளவு பெருந்தன்மையாவது புதிய கமராக்காரரிடம் வேண்டும். அரண்மனைக்குள் நின்று எடுக்கும் படத்திற்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. அங்கே நம் அரசன், மாற்றான் என்ற இரண்டு பேர்தாம் உண்டு.

அரண்மனையை விட்டு வெளியேறிய படங்கள் தமிழில் இல்லாமலில்லை. தேயிலைத் தோட்டக் கூலிகளின் அடிமை வாழ்வைச் சொன்ன பாலாவின் 'பரதேசி' (2013), பி. எச். டானியலின் நாவலைத் தழுவியது. மலையகத்தை அறிந்த எமக்கு அப்படத்தின் ஒவ்வொரு லயமும் பழக்கமானது. அவசரநிலைக் காலத்து வடசென்னையைக் காட்டிய பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021), யார் யாருக்கு முன்னால் நாற்காலியில் அமரலாம் என்பதைக் குத்துச்சண்டை மேடையைச் சுற்றியே காட்டிவிட்டது. இவை சரித்திரப் படங்கள் என்று விளம்பரஞ் செய்யப்பட்டனவல்ல. ஆயினும் மேலே கூறிய சோதனையில் இவையே தேறுகின்றன.

ஆனால் இந்தச் சோதனைக்குத் தமிழிற் கிடைத்த மிகச் சுவையான உதாரணம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. 'ராஜராஜ சோழ'னை எடுத்த அதே ஏ. பி. நாகராஜன், அதே சிவாஜி கணேசனை வைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை. சமீன்தார்களும் மைனர்களும் உலவிய, வெள்ளைக்கார விருந்தினர் முன் நாதசுரத்தில் ஆங்கில நோட்டு வாசிக்கவேண்டியிருந்த காலம் அதன் களம். ஒரே நெறியாளர், ஒரே நடிகர்; ஒரு படத்தில் காலம் உயிர்பெற்றெழுகிறது, மற்றதிற் கிரீடம் அணிந்து விறைத்து நிற்கிறது. காரணம் என்ன? நாகராஜன் நாடகக் கம்பனியில் வளர்ந்தவர். குழுவாகப் புகையிரதத்தில் ஏறி ஊரூராகச் செல்லும் கலைஞரின் வாழ்வை, தங்கும் விடுதியின் பூசலை, தவிற்காரரின் பசியையும் பெருமையையும் அவர் அறிந்திருந்தார். ரி. எஸ். பாலையாவின் தவில் வித்துவானும் நாகேசின் வைத்தியும் வெறும் நகைச்சுவைப் பாத்திரங்களல்லர். ஒரு பொருளாதார அமைப்பின் இரு முனைகள். ஒருவர் கலையை விற்றுப் பிழைக்கிறார். மற்றவர் கலைஞரையே விற்றுப் பிழைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரரின் நாதசுரம் அப்படத்தின் மூச்சு. உடை தவறலாம், அந்தச் சீவாளியின் ஒலி தவறாது.

அளவெட்டியிற் பிறந்தவன் இவ்விடத்திற் சற்று நின்று பேசுவதை வாசகர் பொறுத்தருள்வாராக. என். கே. பத்மநாதனின் நாதசுரமும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் முழங்கிய ஊர் அது. கும்பிளாவளைப் பிள்ளையார் திருவிழாவில் நள்ளிரவு கடந்தும் மேளக்கச்சேரி கேட்டு நின்ற தலைமுறையினர், இராகத்தின் பெயர் தெரியாவிடினும் அபசுரத்தைக் கண்டுகொள்வர். அத்தகைய ஊரிலிருந்து பார்க்கும்போது 'தில்லானா மோகனாம்பா'ளின் சிறப்புத் தெரிவதுபோலவே அது மறைத்ததும் தெரிகிறது. அந்நாதசுரக்காரரின் மானவுணர்வைப் படம் தனிமனித முன்கோபமாகக் காட்டிவிட்டது. உண்மையில் அது ஒரு சமூக வரலாறு. உயர்ந்தவர் எனப்பட்டோர் முன் சால்வையை அரையிற் கட்டவேண்டியிருந்த சமூகம் எம்முடையது. எல்லா மங்கல காரியங்களுக்கும் முன்னே செல்லவேண்டியவர், எந்த வீட்டிலும் முற்றத்தைத் தாண்ட முடியாதவர். திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898-1956) மேடையில் அமர்ந்து வாசித்தார் என்பதை ஒரு செய்தியாகச் சொல்கிறோமே, ஏன்? அமர்ந்து வாசிப்பதே ஒரு புரட்சியாக இருந்த காலம் அது. படம் அந்த நிற்றலையும் இருத்தலையும் கண்டிருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

இதே பொருளை எமது ஊர்க் கவிஞர் ஒருவர் வேறுவிதமாகக் கண்டார். மகாகவி எனப்படும் து. உருத்திரமூர்த்தியின் (1927-1971) 'கோடை' என்னும் பா நாடகம் 1970இல் நூலாக வந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து யாழ்ப்பாணக் கிராமம். ஒரு நாதசுரக் குடும்பம். மகளின் திருமணம் பற்றிய வீட்டுப் பிரச்சினை. ஆள்பவனின் நிழல் அந்தச் சிறு வீட்டின் திண்ணை வரை எவ்வாறு விழுகிறது என்பதே நாடகம். அரசனும் இல்லை, போரும் இல்லை. செய்யுளிற்றான் பேசுகிறார்கள், ஆயினும் அச்செய்யுள் யாழ்ப்பாணத்துப் பேச்சின் ஓசையில் நடக்கிறது. பழங்காலத்தவர் செந்தமிழிலேயே பேசினர் என்ற மயக்கம் இங்கே உடைகிறது. இம்மயக்கம் சாமானியமானதன்று. சமூக நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைத் துணிந்து கையாண்ட பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையே, 'சங்கிலி' (1956) என்னும் சரித்திர நாடகத்தில் அந்நடையினின்றும் விலகிச் செல்கிறார். நல்லூர் அரசவையில் யாழ்ப்பாணத்தான் யாழ்ப்பாணத்தானாகப் பேசக்கூடாது என்று எவர் விதித்தார்?

தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அது இந்திய தேசிய விருதும் பெற்றது. புனைந்து நடித்துக் காட்ட ஒன்றுமில்லாத இடத்தில், எஞ்சிய ஒலிப்பதிவுகளையும் கேட்டவர்களின் நினைவுகளையும் கோத்து அப்படம் ஒரு காலத்தை எழுப்புகிறது. தவிலை நேரிற் கேட்ட முதியவர் ஒருவர் அதை விவரிக்க முயன்று சொல் போதாமற் கையால் தாளம் போடும்போது எழும் காலம், நூறு யானைகள் அணிவகுத்தாலும் எழுவதில்லை. ஆவணப்படத்தையும் கதைப்படத்தையும் ஒரே தராசில் இடலாமா என்று கேட்கலாம். கடந்தகாலத்தின்பாற் காட்டவேண்டிய பணிவு இரண்டுக்கும் ஒன்றே என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

இன்னொன்று. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' (1977), எடுக்கப்பட்டபோது சமகாலப் படம். காவலூர் இராஜதுரையின் கதை. சாதியும் சீதனமும் பொருள். பட்டணத்துத் தெரு, மதவடிச் சைக்கிள்கள், படலை, கிடுகு வேலி எல்லாம் அன்றைய அன்றாடக் காட்சிகள். பின்னர் வந்தவை 1983, 1990, 1995. வலிகாமமே ஒரு நாளிற் பெயர்ந்து சென்ற பிறகு, வேலிகள் மதில்களான பிறகு, அப்படம் தானாகவே சரித்திரப் படமாகிவிட்டது. ஓர் அலங்காரமும் செய்யாமல், அக்காலத்துப் பெண் எவ்வாறு தலைகுனிந்தாள், எப்போது நிமிர்ந்தாள் என்பதை அது வைத்திருக்கிறது. எமது கலைஞர்கள் ஒரு 'ராஜராஜ சோழன்' எடுக்க முடியவில்லையே என்று ஏங்குவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

ஏக்கம் முற்றிலும் நியாயமற்றதென்று கூறவில்லை. 1960இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் போர்த்துக்கேயர் காலத்தை வைத்துச் 'சந்தேசய' என்னும் சிங்களப் படத்தை எடுத்தார். அதற்குப் பணம் இட்டவர் கே. குணரத்தினம் என்னும் தமிழர். 1619இல் நல்லூர் வீழ்ந்து, சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்லும், பலரும் பார்த்த தமிழ்ப் படம் ஒன்றேனும் எமக்கு வாய்க்கவில்லை. நாளை ஒருவர் அதை எடுக்க முன்வரக்கூடும். அவர் முதலிற் தேடுவது சங்கிலியின் கிரீடம் எப்படி இருந்தது என்பதாகவே இருக்கும். அதற்குச் சான்று தேடிக் களைத்துப் பின்னர் மதராசுக் கிரீடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்.

அவருக்கு ஒரு மாற்றுவழி உண்டு. 1707இல் ஒல்லாந்தரின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமையைக் கையில் எடுக்கலாம். முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, அடிமைகள், கால்நடை, பனை என்று யாழ்ப்பாணத்து வாழ்வு அதிற் பகுதி பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. வேலிக்கு அப்பாற் சாய்ந்த மரத்தின் காய் யாருக்குரியது என்பது வரை அதில் இடம்பெற்றுள்ளது. அந்த வழக்கைத் தீர்க்க அமர்ந்திருக்கும் முதலியார், திண்ணையில் ஏறாமல் முற்றத்தில் நிற்கும் குடியானவன், பக்கத்தில் ஓலையிலிருந்து கடதாசிக்குப் பெயர்த்தெழுதும் துபாஷி, பேசப்படுவதில் ஒரு சொல்லும் விளங்காமல் வெயிலைச் சபித்துக்கொண்டிருக்கும் ஒல்லாந்தன். கமராவை முதலில் எவர் பக்கம் திருப்புவது என்பதை நெறியாளர் தீர்மானிக்கட்டும்.